விஆர்எஃப் போட்டால் நாலு ரூட்டர் ஆகிவிடாது

அண்ணா, ஒரே ரூட்டர் பெட்டியில் நாலு விஆர்எஃப் (ஒரு ரூட்டருக்குள்ளேயே தனித்தனி ரூட்டிங் டேபிள் வைக்கும் வசதி) போட்டால் நாலு தனி ரூட்டர் மாதிரி, ஒன்று படுத்தாலும் மற்றது ஓடும், ஸ்டாண்ட்பை (மாற்றுக்கு நிற்கும் இன்னொரு பெட்டி) தேவையில்லை என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். பாதிதான் சரி.

விஆர்எஃப் பிரிப்பது ரூட்டிங் டேபிளை, அதாவது எந்த முகவரிக்கு எந்த வழி (ரூட்) என்ற பட்டியலை. இரண்டு வாடிக்கையாளர்கள் ஒரே ஐபி முகவரித் தொகுதியை, உதாரணத்துக்கு 10.0.0.0/24-ஐ, வைத்திருந்தாலும் மோதாது, அது உண்மை. ஆனால் சிபியு, மெமரி, இயங்குதளம் எல்லாம் பொதுதான். நம்ம சிங்கப்பூர் வீவக அடுக்குமாடி புளோக் மாதிரி, வீட்டுக்கு வீடு தனிக் கதவு இருந்தாலும் மின்தூக்கி நின்றால் எல்லோரும் படியேற வேண்டியதுதான்.

இங்கே தை செங் வட்டாரத்தில் ஓர் இடத்தில் இதை நேரில் பார்த்தேன். ஒரு வாடிக்கையாளர் பக்கமிருந்து வரம்பில்லாமல் ரூட் வந்து கொட்டி மெமரி நிரம்ப, சம்பந்தமே இல்லாத இன்னொருவரின் பிஜிபியும் (நெட்வொர்க்குகள் ரூட்களைப் பரிமாறிக்கொள்ளும் நெறிமுறை) சேர்ந்து விழுந்தது. விஆர்எஃபுக்கு இத்தனை ரூட்தான் என்று உச்சவரம்பு போட்டிருந்தால் அன்றைக்கு நான் தூங்கியிருப்பேன்.

நீங்கள் சொல்வதற்குக் கொஞ்சம் கிட்டே வருவது ஜூனிப்பர் நிறுவன ரூட்டர்களில் இருக்கும் லாஜிக்கல் சிஸ்டம். பெட்டிக்கு 15 வரை போடலாம், ஒவ்வொன்றுக்கும் ரூட்டிங் புரோசஸே தனி, ஒன்று செத்தால் மற்றது தன் பாட்டுக்கு ஓடும். ஆனால் அதற்கும் கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) ஒன்றுதான், பெட்டியை ரீபூட் செய்தால் எல்லாமே போகும்.

அப்புறம், சிஸ்கோவில் ஓடுகிற இன்டர்ஃபேஸில் விஆர்எஃபை ஏற்றினால் அதிலிருக்கும் ஐபி முகவரி அழிந்துவிடும். முதலில் குறித்து வைத்துக்கொண்டு கை வையுங்கள். ஸ்டாண்ட்பை பெட்டியை மட்டும் பட்டியலிலிருந்து எடுத்துவிடாதீர்கள்.