பின்பக்கத்தைக் காட்டுங்க சார்

மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். ஓர்ட்டேலியஸ் என்ற பதினாறாம் நூற்றாண்டு மேப்காரரின் மேப் என்று சொல்லி ஒருவர் விற்கப் போட்ட ரீலைத்தான் சொல்கிறேன். லிங்க் போட்டு இன்னும் நாலு பேரை அங்கே அனுப்ப விருப்பமில்லை. "1570 ஒரிஜினல் ஓர்ட்டேலியஸ், அந்தக் காலத்து வண்ணம்" என்று அறிவித்து, தங்க நிற ஃப்ரேமுக்குள் இந்தியாவையும் கிழக்கிந்தியத் தீவுகளையும் காட்டி, பின்னணியில் புல்லாங்குழல் வேறு. நான் கேட்டது ஒரே ஒரு விஷயம்: "பின்பக்கத்தையும் ஒரு படம் எடுத்துப் போட முடியுமா?" அதற்கு வந்த பதில், "வாங்க வக்கில்லாதவங்களுக்குத்தான் ஆயிரம் சந்தேகம் வரும்." கீழே வரிசையாகச் சிரிப்பு பொம்மைகள். அப்புறம் பிளாக்.

சரி, வக்கில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். தாளுக்குப் பின்பக்கம் உண்டா இல்லையா?

தெரியாமல் சிரித்தவர்களுக்காகச் சொல்கிறேன். ஓர்ட்டேலியஸின் 'தியேட்ரம்' என்ற அட்லஸ் 1570 மே 20-ஆம் தேதி ஆண்ட்வெர்ப்பில் வெளிவந்தது. அதில் 53 மேப் தாள்கள். ஒரே தடவை அடித்து முடித்த புத்தகம் இல்லை அது. 1612 வரை லத்தீன், டச்சு, ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்பானிஷ், ஆங்கிலம், இத்தாலியன் என்று மாற்றி மாற்றி அடித்தார்கள். மேப் வெட்டிய செப்புத்தகடு பெரும்பாலும் அதேதான். தேய்ந்தால் ஆழப்படுத்துவார்கள், ரொம்பத் தேய்ந்தால் புதிதாக வெட்டுவார்கள். பதிப்புக்குப் பதிப்பு மாறுவது தாளின் மறுபக்கம். அங்கே ஈய எழுத்தில் அந்த நாட்டைப் பற்றிய விவரம் அச்சாகியிருக்கும். என்ன மொழி, வரி எங்கே உடைகிறது, கடைசி வரி எந்தச் சொல்லில் முடிகிறது, மூலையில் பக்க எண் என்ன என்று பார்த்துத்தான் பதிப்பு எது என்று பிரிப்பார்கள். வான் டென் ப்ரூக்கே என்ற டச்சு ஆய்வாளர் இதையெல்லாம் மேப் மேப்பாகப் பட்டியல் போட்டே வைத்திருக்கிறார். ஆக, முன்பக்கத்தை மட்டும் காட்டி "1570" என்பவருக்கு எப்படித் தெரிந்தது? கனவில் ஓர்ட்டேலியஸ் வந்து சொன்னாரா? தகட்டிலேயே ஓர் ஆண்டு பொறித்திருந்தாலும் அது தகடு வெட்டிய ஆண்டுதான். தாள் அச்சான ஆண்டுக்கான தடயம் பின்னால் இருக்கிறது. பின்பக்கத்தைக் காட்டுங்க சார்.

அடுத்தது, "அந்தக் காலத்து வண்ணம்". இங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது.

அன்றைக்குச் செப்புத்தகட்டில் அடித்த மேப் அநேகமாக எல்லாமே கறுப்பு மையில்தான் வெளிவரும். வண்ணம் என்பது பிறகு ஒருவர் தூரிகை பிடித்துப் பூசுவது. அதற்குத் தனிக் கூலி. டச்சு மேப் அச்சகக்காரர்களான பிளாவ் குடும்பம் 1660-களில் விற்ற பெரிய அட்லஸின் பிரெஞ்சுப் பதிப்பு வண்ணமில்லாமல் 350 கில்டர் (அன்றைய டச்சுக் காசு), வண்ணத்தோடு 450. நூறு கில்டர் வெறும் பூச்சு வேலைக்கு. இன்றைக்கும் பழைய வண்ணம் என்றால் விலை ஏறும். அதனால்தான் கறுப்பு வெள்ளையாகக் கிடைக்கும் மேப்பை வாங்கி, கழுவி, போன மாதம் வண்ணம் பூசி, "அந்தக் காலத்து" என்ற சொல்லையும் சேர்த்து ஒட்டுகிறார்கள்.

கண்டுபிடிக்க முடியாதா? முடியும். அன்றைக்குப் பச்சைக்குப் பெரும்பாலும் பயன்படுத்தியது செம்புக் களிம்பு. நம் வீட்டுச் செம்புப் பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்க்காமல் விட்டால் பிடிக்குமே, அதே களிம்பு. (சைவ சித்தாந்தக்காரர்கள் உதாரணம் சொல்லிச் சொல்லித் தேய்த்த களிம்பும் இதேதான்.) அது சும்மா இருக்காது. நூற்றாண்டுக் கணக்கில் தாளை அரித்துக்கொண்டே இருக்கும். பச்சை மெல்ல பழுப்பேறும். முன்பக்கம் எங்கெல்லாம் பச்சை எல்லைக்கோடு ஓடுகிறதோ, பின்பக்கம் அதே இடத்தில் தேநீர்க்கறை போல ஒரு பழுப்புக் கோடு கூடவே ஓடும். முற்றினால் தாள் அந்தக் கோட்டோடு அப்பளம் மாதிரி விரிசல் விடும். புதிதாகப் பூசிய வாட்டர்கலர் பச்சை பின்பக்கம் இப்படி ஒரு நிழலைத் தராது. பழுப்பு நிழல் இல்லாததாலேயே போலி என்று சொல்லமாட்டேன். அவுரி நீலத்தையும் மஞ்சளையும் கலந்த பச்சையும் அன்றைக்கு உண்டு, அது இப்படி அரிக்காது. ஆனால் பார்க்கவே விடமாட்டேன் என்றால்?

இன்னும் இருக்கிறது. அட்லஸுக்குள் மேப் நடுவில் மடிந்து நூறு நூறு வருஷம் கிடந்திருக்கும். அதனால் இடது பாதியின் அடர்ந்த வண்ணம் வலது பாதியில் லேசாக, கண்ணாடிப் பிம்பம் போல மாறிப் படிந்திருக்கும். பூச்சி ஓட்டையின் விளிம்பைப் பாருங்கள். வண்ணம் பூசிய பிறகு பூச்சி அரித்திருந்தால் ஓட்டையின் உள்விளிம்பு வெறும் தாள் நிறமாக இருக்கும். விளிம்புக்குள் வண்ணம் இறங்கியிருந்தால், பூச்சி தின்று முடித்த பிறகுதான் யாரோ தூரிகையை எடுத்திருக்கிறார்கள். கிழிசலுக்கு ஒட்டுப்போட்ட இடத்திலும் அப்படித்தான். ஒட்டுத்தாளின் மேலும் கடல் நீலம் தொடர்ந்து ஓடினால் கதை முடிந்தது. கழுவிய தாளில், சாயம் ஊறாமல் காக்கும் பழைய ஜெலட்டின் பூச்சு பெரும்பாலும் போய்விடும். மறுபடி பூச்சுக் கொடுக்காமல் வண்ணம் தீட்டினால் தாள் வடிகட்டித் துணி மாதிரி உறிஞ்சி, பின்பக்கம் முழுக்கத் திட்டுத் திட்டாகச் சாயம் இறங்கும். அதற்கும் பின்பக்கத்தைத்தான் பார்க்கவேண்டும்!

இப்போது "அண்ணே, ஓர்ட்டேலியஸே வண்ணம் பூசற வேலைதானே பார்த்தாரு" என்று ஒருவர் வருவார். ஆமாம். 1547-இல் ஆண்ட்வெர்ப் ஓவியர்களின் புனித லூக்கா சங்கத்தில் மேப்புக்கு வண்ணம் பூசுபவர் என்றுதான் பதிந்திருக்கிறார். அதனால் என்ன? அவர் பூசியதும், போன தீபாவளிக்கு நீங்கள் பூசியதும் ஒன்றா? புது வண்ணம் பாவமில்லை. நல்ல கைக்காரர் பூசினால் அழகாகவே இருக்கும். "இது இப்போது பூசியது" என்று ஒரு வரி எழுதுங்கள், அந்த விலைக்கு விற்றுவிட்டுப் போங்கள். நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

"பின்பக்கம் வெறுமையாக இருந்தால் போலியா?" என்று உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்ட தம்பிக்கு: இல்லை. பெலான், டான்வில் போன்ற பதினெட்டாம் நூற்றாண்டு பிரெஞ்சுக்காரர்களின் மேப்புகள் பெரும்பாலும் பின்பக்கம் வெறுமைதான். அங்கே எழுத்துக்குப் பதில் தாளைப் படிக்கவேண்டும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் இடைவெளியில் சங்கிலிக் கோடுகள் (தாள் வார்த்த சல்லடைக் கம்பியின் தடம்), அவற்றுக்குக் குறுக்கே நெருக்கமாக மெல்லிய கோடுகள், அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு வாட்டர்மார்க். இந்தக் கோடுகளே இல்லாத வழவழப்புத் தாள் 1750-களில்தான் இங்கிலாந்தில் வந்தது. அந்தத் தாளில் ஓர்ட்டேலியஸ் இருக்கிறார் என்றால் அவர் மறுபிறவி எடுத்திருக்கவேண்டும். அப்புறம் மேப்பைச் சுற்றித் தகடு அழுத்திய பள்ளம் விரலுக்குத் தட்டுப்படும். பதினாறாம் நூற்றாண்டு ஜெர்மானியர் மூன்ஸ்டருடையது போல மரக்கட்டையில் செதுக்கி அடித்த மேப் என்றால் அந்தப் பள்ளம் இருக்காது, குழம்பவேண்டாம்.

"வெள்ளைக்காரன் தப்புத் தப்பாக வரைந்ததற்கு இவ்வளவு அலட்டலா?" என்று கேட்டவருக்குப் பதில் சொல்ல நேரமில்லை. போய் வேறு வேலை பாருங்கள்.

இல்லை, சொல்லியே விடுகிறேன். பால்டேயஸ் யாழ்ப்பாணத்தில் பாதிரியாராக இருந்த டச்சுக்காரர். 1672-இல் ஆம்ஸ்டர்டாமில் அவர் புத்தகம் வந்தது. மலபார், சோழமண்டலக் கரை, இலங்கை மூன்றும் அதில். யாழ்ப்பாணத்துத் தீவுகளுக்கு டச்சுக்காரர்கள் தங்கள் ஊர்ப் பெயரைச் சூட்டிய காலம். காரைநகர் ஆம்ஸ்டர்டாம், வேலணை லைடன், புங்குடுதீவு மிடில்பர்க், நெடுந்தீவு டெல்ஃப்ட். டொரண்டோவில் இருக்கும் நெடுந்தீவுக்கார நண்பர் ஒருவர் பால்டேயஸ் புத்தகத்தின் யாழ்ப்பாண மேப் என்று ஒன்றை ஆன்லைனில் வாங்கினார். அப்பா பிறந்த மண் என்று சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். வீடியோ காலில் பெருமையாகக் காட்டினார். புத்தகத்துக்குள் மடித்து வைத்த மேப் ஆயிற்றே, மடிப்பு இருக்கவேண்டும். இருந்தது. அழுக்கேறிய மடிப்புக் கோடு அழகாகத் தெரிந்தது. ஃப்ரேமைக் கழற்றி விரலால் தடவிப் பாருங்கள் என்றதும் தடவினார். வழவழவென்று இருந்தது. மடிப்பும் அச்சு, அழுக்கும் அச்சு. செல்போனை நெருக்கிப் பிடித்ததில் கடல் முழுக்க நாலு நிறப் புள்ளி, இன்றைய அச்சு. பின்பக்கம் பளீர் வெள்ளை. விற்ற ஆளின் விளம்பரத்திலும் பின்பக்கப் படம் இல்லை. நண்பர் ஒன்றும் சொல்லாமல் திரும்ப ஃப்ரேமுக்குள் வைத்து மாட்டிவிட்டார். அதற்கப்புறமும் என்னிடம் "உனக்கு ஏன் இவ்வளவு கோபம்" என்று கேட்காதீர்கள்.

"ஃப்ரேமுக்குள் இருக்கு சார், எடுத்தால் கெட்டுடும்." இது அடுத்த சாக்கு. ஃப்ரேமைக் கவிழ்த்து மெத்தென்ற துணிமேல் வையுங்கள். பின்னால் ஒட்டிய பழுப்பு டேப்பை பிளேடால் ஓரத்தோடு கீறுங்கள். சின்ன ஆணிகளைக் குறடால் நேராக இழுங்கள், நெம்பவேண்டாம். அட்டை கையோடு வரும். பத்து நிமிஷ வேலை. மேப் மேல்விளிம்பில் இரண்டு ஜப்பானிய டிஷ்யூ பட்டையில் தொங்கிக்கொண்டிருந்தால் போட்டவர் வேலை தெரிந்தவர். அட்டையோடு முழுசாகச் சூடு வைத்து ஒட்டியிருந்தால் அது மேப்புக்குச் செய்த துரோகம். பின்பக்கம் போயே போயிற்று. அப்படி இருந்தால் அதையும் சொல்லித்தான் விற்கவேண்டும். செல்லோடேப் ஒட்டியிருந்தாலும் அப்படித்தான். அதன் பசை தாளுக்குள் இறங்கி மஞ்சளாகிக் கண்ணாடிபோல் ஆகிவிடும். நடு மடிப்பு அடியில் நாலைந்து சென்டிமீட்டர் பிரிந்து, கோதுமை மாவுப் பசையில் சீராக்கியிருந்தால் பரவாயில்லை, அது மேப்பின் வயசு.

இதுவரைக்கும் ஏமாற்று வியாபாரம் பற்றித்தான் பேசினேன். பின்பக்கம் காட்டாததற்கு இன்னொரு காரணமும் உண்டு: திருட்டு. அதை நினைத்தால்தான் தூக்கம் போகிறது. நூலக முத்திரை பெரும்பாலும் பின்னால்தான் இருக்கும். அல்லது முத்திரையைச் சுரண்டிய இடம் பின்னால் தெரியும். 2005 ஜூன் 8-ஆம் தேதி, யேல் பல்கலைக்கழகத்தின் பைனெக்கி நூலகத்தில் தரையில் ஒரு சின்ன பிளேடு கிடந்தது. அதைக் கவனித்தது அங்கே வேலை பார்த்தவர். அந்த பிளேடில் தொடங்கித்தான் ஃபோர்ப்ஸ் ஸ்மைலி மாட்டினார். ஊரே மதித்த மேப் வியாபாரி. கடைசியில் 97 மேப் திருடியதாக ஒப்புக்கொண்டு மூன்றரை வருஷம் தண்டனை வாங்கினார். அவரிடம் வாங்கியவர்கள் எல்லாரும் வக்குள்ளவர்கள்தான் சார். 2007-இல் மாட்ரிட் தேசிய நூலகத்தில் 1482-இல் அச்சான டாலமியின் அட்லஸிலிருந்து மேப்புகளை வெட்டினார்கள். ஒன்று ஆஸ்திரேலியாவுக்குப் போய்த் திரும்பி வந்தது.

அந்த ரீல்காரர் திருடர் என்று நான் சொல்லவில்லை. ஸ்கிரீன்ஷாட் எடுக்கிறவர்கள் இந்த வரியையும் சேர்த்து எடுங்கள். காட்டு என்று கேட்டேன், அவ்வளவுதான். கேட்டவனை வக்கில்லாதவன் என்றால், காட்டாதவரை என்னவென்று சொல்வது?

இன்பாக்ஸில் "என்னிடம் ஒன்று இருக்கிறது, பார்த்துச் சொல்லுங்கள்" என்று படம் அனுப்பியவர்கள் இருக்கிறீர்கள். எல்லாமே முன்பக்கம். மறுபடி அனுப்புங்கள். பின்பக்கம் முழுசாக ஒன்று, ஃபிளாஷ் இல்லாமல். ஜன்னலுக்கு எதிரே பிடித்து ஒன்று. விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்தி வைத்து, தகட்டுப் பள்ளம் தெரிகிற மாதிரி மூலையில் ஒன்று. பக்கத்தில் ஒரு ஸ்கேலையும் வையுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் பார்த்துவிடுகிறேன்.