பெனடால் (பாராசிட்டமால்) பற்றி ஒரு திருத்தம்

"கல்லீரல் சுருக்கம் உள்ளவர்கள் கோவிட் காய்ச்சலுக்குப் பெனடாலைத் தொடவே கூடாது, ஐபுப்ரோஃபென்தான் பாதுகாப்பு" என்று மேலே ஒருவர் எழுதியிருப்பது தலைகீழ். தயவுசெய்து யாரும் பின்பற்றாதீர்கள். ஐபுப்ரோஃபென், டைக்லோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். வயிற்றில் நீர் கோத்தவர்களுக்குச் சிறுநீரகமே செயலிழக்கலாம், ரத்தக்கசிவும் வரலாம்.

கல்லீரல் சுருக்கம் உள்ளவர்களுக்குப் பெனடால் 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, 6 மணி நேர இடைவெளியில். நாளுக்கு 2 கிராம், அதாவது 4 மாத்திரையைத் தாண்ட வேண்டாம். மது அருந்துபவர்களும் சாப்பாடு இறங்காதவர்களும் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். மருந்துக்கடையில் வாங்கும் சளி மாத்திரைகள் பலவற்றிலும் இதே பாராசிட்டமால்தான். பலர் தவறுவது இங்கேதான், அதையும் கணக்கில் சேருங்கள். ஹெபடைடிஸ் பி (கல்லீரல் தொற்று) மாத்திரை எடுப்பவர்கள் அதை நீங்களாக நிறுத்தாதீர்கள். பேச்சு குழறினால், கறுப்பாக மலம் போனால் உடனே 995 (சிங்கப்பூர் ஆம்புலன்ஸ்) அழையுங்கள்.