பெட்டியடியில் கிடக்கும் கல்வெட்டுகள்

யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்தால், 31ஆம் நாளன்று வந்தவர்களின் கையில் ஒரு சிறு புத்தகம் கொடுக்கப்படும். கல்லில் எதுவும் வெட்டப்படாவிட்டாலும் அதை நாம் ‘கல்வெட்டு’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். இறந்தவரின் படம், திதி வெண்பா, வாழ்க்கை வரலாறு, தேவாரங்கள், பிள்ளைகளின் புலம்பல், கடைசிப் பக்கத்தில் வம்சாவளி என்று அது அமைந்திருக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு முறை புரட்டிப் பார்த்துவிட்டு அலுமாரிக்கு மேலே போட்டுவிடுவோம்.

சென்ற மாதம் அப்பம்மாவின் றங்குப்பெட்டியைத் துப்புரவாக்கியபோது அதன் அடியில் இத்தகைய கல்வெட்டுகள் 23 கிடைத்தன. போரினால் இடம்பெயர்ந்து, குடாநாட்டின் வலிகாமப் பகுதி முழுவதும் 1995 ஒக்ரோபர் 30 இரவு கிழக்கே தென்மராட்சியை நோக்கி நடந்தபோது அந்தப் பெட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டுத்தான் போனோம். கூரை விழுந்த வீட்டுக்குள் அது எப்படித் தப்பியது என்று இன்றுவரை எங்களுக்கு விளங்கவில்லை. கம்பிப் பின்கள் கறள் பிடித்து, அந்தக் கறள் ஏழெட்டுப் பக்கங்களுக்கு ஊறியிருந்தது. அவற்றுள் 1968ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்றில், எங்கள் ஊர்ப் பாடசாலைக்கு யார் காணி கொடுத்தார்கள், முதற் கொட்டிலுக்குக் கிடுகு எந்தெந்த வீடுகளிலிருந்து வந்தது, கிணறு வெட்டும்போது எத்தனை முழத்தில் பாறை தட்டியது என்பவற்றை ஓர் ஆசிரியர் நான்கு பக்கங்களில் எழுதியிருக்கிறார். எங்கள் ஊரைப் பற்றி நான் படித்த எந்த வரலாற்று நூலிலும் இது இல்லை.

யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிக்கப்பட்டபோது சாம்பலான ஏறத்தாழ 97,000 நூல்களைப் பற்றி ஆண்டுதோறும் எழுதுகிறோம், எழுதத்தான் வேண்டும். ஆனால் அவற்றுள் சென்னையிலோ கொழும்பிலோ அச்சாகி வேறிடங்களிலும் பிரதிகள் இருந்தவற்றை மீண்டும் தேடிப்பெற வழி இருந்தது. ஒற்றைப் பிரதியாக இருந்த ஓலை ஏடுகளுக்கு அந்த வழி இருக்கவில்லை. நம் வீடுகளில் இன்று கிடக்கும் கல்வெட்டுகளும், பாடசாலை மலர்களும், கும்பாபிஷேக மலர்களும், சனசமூக நிலையக் கூட்ட அறிக்கைகளும் அந்த ஏடுகளின் நிலையில்தான் இருக்கின்றன. அவற்றை அழிக்க நெருப்புத் தேவையில்லை, கறையானும் ஒரு மாரிகாலமும் போதும்.

தன்னார்வலர்கள் 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் இணைய நூலகம் இன்று ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்களை எவரும் இலவசமாக வாசிக்கத் திறந்து வைத்திருக்கிறது. பெரிய நூல்களை மட்டும் தேடாமல் நினைவு மலர்களையும் துண்டுப் பிரசுரங்களையும் ஆவணங்களாக மதித்துச் சேர்த்தமையே அதன் மிகப் பெரிய பணி என்று நான் கருதுகிறேன். ரொறன்ரோவில் பிறந்த பிள்ளை தன் பூட்டனின் ஊரைத் தேடும்போது அதற்குக் கிடைக்கக்கூடிய ஒரே கதவு ஒரு கல்வெட்டாகவே இருக்கலாம்.

“இதெல்லாம் ஆருக்குத் தேவை?” என்று கேட்கும் உறவினர்களுக்கு விளக்கம் சொல்லிவிடலாம். ஸ்கான் செய்து இணையத்தில் ஏற்றக் கொடுத்தால் திரும்பி வராது என்று அஞ்சுவோரின் கவலை வேறு. ஆராய்ச்சிக்கென்று எங்கள் வீட்டிலிருந்து ஒருவர் கட்டாக எடுத்துச் சென்ற பாடசாலை மலர்கள் இன்னும் திரும்பி வரவில்லை என்பதால் அந்த அச்சம் எனக்கும் தெரியும். ஸ்கான் செய்தவுடன் மூலப்பிரதியைத் திருப்பித் தரவேண்டும் என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. எழுத்தாளர்களின் பிள்ளைகளிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. இலங்கைச் சட்டப்படி பதிப்புரிமை ஆசிரியர் இறந்த பின்னும் 70 ஆண்டுகள் நீடிக்கிறது. நீங்கள் ஒரு பக்கத்தில் அனுமதிக் கடிதம் எழுதித் தராவிட்டால், உங்கள் தகப்பனாரின் நூலை உங்கள் பேரப்பிள்ளைகளின் காலத்தில்தான் தயக்கமின்றி இணையத்தில் வைக்க முடியும்.

படமெடுத்து ஏற்றிவிட்டால் வேலை முடிந்துவிடுவதில்லை. பெயரும் ஊரும் ஆண்டும் ஒருங்குறியில் (யூனிகோட்) தட்டெழுதப்படாத பக்கத்தைத் தேடுபொறி கண்டுகொள்வதில்லை. ஒருங்குறி அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய கோப்புகளுக்கும் அதே கதிதான். அதைவிட அவசரமானது, படங்களில் இருப்பவர்களை அடையாளம் சொல்லக்கூடியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள் என்பது. அந்த 1968ஆம் ஆண்டுக் கல்வெட்டில் பாடசாலை ஆசிரியர்கள் 14 பேர் நிற்கும் படம் ஒன்று உண்டு. கீழே பெயர்கள் இல்லை. 91 வயதான எங்கள் பெரியம்மாவிடம் கொண்டுபோனேன். கண்ணாடியைக் கழற்றி, படத்தை மூக்கருகே பிடித்து, ஒவ்வொரு முகத்திலும் விரலை வைத்து 11 பேரின் பெயரைச் சொன்னார். இருவருக்கு வீட்டுப் பெயரும் சொன்னார்.

மற்ற மூவரும் பின்வரிசையில் இடப்பக்கமாக நிற்கிறார்கள். நடுவில் நிற்பவர் குடையைக் கையில் மடித்துப் பிடித்திருக்கிறார். படத்தை இந்தப் பதிவின் கீழே முதற் கருத்தில் இணைத்திருக்கிறேன். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் தயவுசெய்து அவர்களிடம் காட்டிக் கேளுங்கள்.