ஹாக்மேன் மீது போடப்பட்ட பழி

அமெரிக்க காமிக்ஸ் வாசிப்பவர்கள் மத்தியில் ஹாக்மேன் என்ற பெயரை எடுத்தாலே ஒரு நமட்டுச் சிரிப்பு எழுவது வழக்கமாகிவிட்டது. அவன் எகிப்திய இளவரசனா, வேற்றுக்கிரகக் காவல் அதிகாரியா என்று அவன் கதைகளை வெளியிடும் டிசி நிறுவனத்துக்கே தெரியாது என்பார்கள். கேலியில் நியாயம் உண்டு என்றாலும், பழி போய்ச் சேர வேண்டிய இடம் வேறு என்றே நினைக்கிறேன். இரண்டு பூர்வக் கதைகளையும் வைத்துக்கொண்டு அந்தச் சிறகு வீரன் பல பத்தாண்டுகள் சிக்கலின்றிப் பறந்தான். 1990-இல் பதிப்பகம் எடுத்த ஒரே முடிவுதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

முதல் ஹாக்மேன் கதை, 1940 ஜனவரி தேதியிட்ட 'ஃப்ளாஷ் காமிக்ஸ்' முதல் இதழில் வெளிவந்தது. வெளியிட்டது பின்னாளில் டிசியோடு இணைந்த ஆல்-அமெரிக்கன் பப்ளிகேஷன்ஸ். எழுதியவர் கார்ட்னர் ஃபாக்ஸ், வரைந்தவர் டென்னிஸ் நெவில். சில இதழ்களிலேயே ஷெல்டன் மோல்டாஃப் தூரிகையை வாங்கிக்கொண்டார். பழங்காலக் கத்தி ஒன்று கைக்கு வந்ததும், தான் முற்பிறவியில் ஹாத்-செட் என்ற பூசாரியால் கொல்லப்பட்ட எகிப்திய இளவரசன் கூஃபு என்பது, ஹாக்மேனாகப் போகும் கார்ட்டர் ஹாலுக்கு நினைவுக்கு வருகிறது. அன்று உடன் மடிந்த காதலி ஷியேராவாகவும், கொலைகாரன் ஒரு விஞ்ஞானியாகவும் மறுபடி பிறந்திருக்கிறார்கள். மறுபிறவிக் கதைகள் நமக்கு அலுத்துப்போனவைதான். ஆனால் சூப்பர்மேன் தோன்றி இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த ஒரு துறையில், கதாநாயகனும் நாயகியும் வில்லனும் பழைய கணக்கைத் தீர்க்கச் சேர்ந்தே பிறந்து வருகிறார்கள் என்பது துணிச்சலான கற்பனை. 1940-இலேயே ஜஸ்டிஸ் சொசைட்டி என்ற சூப்பர்ஹீரோக்கள் குழுவில் சேர்ந்த ஹாக்மேன், விரைவில் அதன் தலைவனாகி, அந்தக் குழுவின் கதைகள் 1951-இல் நின்றுபோகும்வரை உடனிருந்தான்.

1961-இல் ஆசிரியர் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ் அவனுக்குப் புத்துயிர் கொடுத்தபோது, 'தி பிரேவ் அண்ட் தி போல்ட்' 34-ஆவது இதழில் வந்தவன் தானகர் கிரகத்துக் காவல் அதிகாரி கட்டார் ஹோல். பித் என்ற உருமாறும் குற்றவாளியைத் துரத்திக்கொண்டு மனைவி ஷயேராவோடு பூமிக்கு வரும் அவன், இங்கே அருங்காட்சியகப் பணியை மறைவாகக் கொள்கிறான். பலர் கவனிக்காமல் விடும் செய்தி ஒன்று உண்டு. இந்தப் புதிய கதையை எழுதியவரும் அதே கார்ட்னர் ஃபாக்ஸ்தான். வரைந்த ஜோ குபர்ட், பதின்ம வயது முடியும் முன்பே பழைய ஹாக்மேனை வரையத் தொடங்கியவர். போதாததற்கு, பழைய வீரர்கள் எல்லோரும் இன்னொரு பூமியில் வாழ்கிறார்கள் என்ற ஏற்பாட்டையும் ஃபாக்ஸே அதே 1961-இல் ஃப்ளாஷ் என்ற வீரனின் கதை ஒன்றில் செய்துவைத்தார். ஆகவே இரு ஹாக்மேன்களுக்கும் தனித்தனி வீடு இருந்தது. சிறுவர்களுக்கும் அது குழப்பமாக இருந்ததாகத் தெரியவில்லை. தனித் தொடர் கிடைக்க மட்டும் 1964 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மர்ஃபி ஆண்டர்சன் ஓவியத்தில் தொடங்கிய அது 27 இதழ்கள் ஓடி 1968-இல் நின்றது. பிறகு ஆட்டம் என்ற வீரனின் இதழில் கொஞ்ச காலம் பங்குக் குடித்தனம்.

1985-86-இல் பல பூமிகளையும் டிசி ஒன்றாக்கியது. அப்போதும் பெரிய சேதம் இல்லை. மூத்தவன் 1940-களில் வாழ்ந்தவன், இளையவன் பின்னால் வந்தவன் என்று சொன்னால் போதும். பிறகு 1989-இல் டிமோதி ட்ரூமன் எழுதி வரைந்த மூன்று இதழ்களாக 'ஹாக்வேர்ல்ட்' வந்தது. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வானுயர்ந்த கோபுரங்களில் செல்வர்களும், கீழே இருண்ட சேரிகளில் அடிமைப்பட்ட வேற்றினத்தாரும் வாழும் தானகரை அவர் காட்டினார். கட்டார் ஹோல் அங்கே போதைக்கு அடிமையாகிச் சீரழியும் மேட்டுக்குடி இளைஞன். பித் ஊழலில் ஊறிய காவல் அதிகாரி. ஹாக்மேன் கதைகளில் இதற்கு இணையாக ஒன்றைச் சொல்ல என்னால் முடியவில்லை.

அந்தக் கதை வீரனின் இளமைக் காலமாகவே நின்றிருந்தால் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் 1990-இல் அதை மாதத் தொடராக நீட்டித்தபோது, கட்டாரும் ஷயேராவும் இப்போதுதான் முதன்முறையாகப் பூமிக்கு, அதுவும் சிகாகோவுக்கு, வருகிறார்கள் என்று முடிவு செய்தார்கள். அப்படியானால் 1964 முதல் ஜஸ்டிஸ் லீக் என்ற புதிய வீரர் குழுவில் உட்கார்ந்திருந்தவன் யார்? முதலில் அது மூத்த கார்ட்டர் ஹால்தான் என்றார்கள். அது ஒட்டாத இடங்களுக்கு ஃபெல் ஆண்டார் என்ற தானகர் உளவாளியைக் கொண்டுவந்தார்கள். 1994-இல் 'ஜீரோ அவர்' கதையில் எல்லா ஹாக்மேன்களையும் ஒரே உடம்பில் கரைத்தார்கள். ஒவ்வொரு விளக்கமும் முந்தைய விளக்கத்தின் ஓட்டையை அடைக்க வந்ததே தவிர, அந்த மனிதனைப் பற்றிச் சொல்ல எவரிடமும் புதிதாக ஒன்றுமில்லை. 1997-இல் ஜஸ்டிஸ் லீக் கதையில் சிறகோடு வந்து இறங்கியவன் ஹாக்மேன்கூட இல்லை, ஸாரியல் என்ற வானதூதன்.

2001-இல் டேவிட் கோயரும் ஜெஃப் ஜான்ஸும் ஜஸ்டிஸ் சொசைட்டியின் புதிய தொடரான 'ஜேஎஸ்ஏ'வில் கார்ட்டர் ஹாலைத் திரும்ப அழைத்து மானத்தைக் காப்பாற்றினார்கள். ஆனால் தானகர் கதை ஓரமாகவே நின்றது. முடிச்சை உண்மையில் அவிழ்த்தவர், 2018-இல் பிரையன் ஹிட்சின் ஓவியத்தோடு தொடரைத் தொடங்கிய ராபர்ட் வெண்டிட்டி. ஹாக்மேன் காலத்தில் மட்டுமின்றி விண்வெளியெங்கும் பிறக்கிறான் என்று அவர் எழுதியதும், கூஃபுவும் கட்டார் ஹோலும் ஒரே உயிரின் வெவ்வேறு பிறவிகள் ஆகிவிட்டார்கள். இதற்குத் தேவையான விதை ஃபாக்ஸின் முதல் கதையிலேயே கிடந்தது என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

ஆதியில் அவன் பெருங்கொலைகள் புரிந்த படைத்தலைவன், கொன்ற அளவுக்கு உயிர்களைக் காக்கும்வரை பிறந்துகொண்டே இருக்க வேண்டும் என்ற வெண்டிட்டியின் சேர்க்கை மட்டும் எனக்கு முழுதாக உவப்பில்லை. பழைய காதல் கதை அந்தத் தண்டனைக் கணக்கின் கீழே அமுங்கிவிடுகிறது. எனினும் புதிதாகப் படிக்க விரும்புகிறவர்களுக்கு நான் அந்த 29 இதழ்களைத்தான் முதலில் சொல்வேன். அடுத்து 1961-இன் ஃபாக்ஸ்–குபர்ட் கதைகள். பிறகு ட்ரூமனின் மூன்று இதழ்களை மட்டும், அதன்பின் வந்த தொடரைத் தொடாமல்.