இயற்கை மருந்துதான், ஆனால் உயிரோடு இருக்கிறதா?

போன மார்கழியில் எங்கள் வெள்ளைப்பொன்னி நெல்லில் குலைநோய் என்ற பூஞ்சை நோய் விழுந்தது. ஏற்காடு அடிவாரத்தில் வயல். மலையிலிருந்து இறங்குகிற பனி காலை ஒன்பது மணி வரைக்கும் தாளில் சொட்டிக்கொண்டே இருக்கும், நோய்க்கு அதைவிட என்ன வேண்டும்? இலையில் கண் மாதிரிப் புள்ளி, நடுவில் சாம்பல் நிறம். அதுவே கதிரின் கழுத்தில் ஏறிவிட்டால் மணி பிடிக்காது, அத்தனையும் சாவி.

கடைக்கு ஓடினேன். "இது இயற்கை மருந்துங்க, தைரியமா அடிங்க" என்று சூடோமோனாஸ் பாக்கெட்டை எடுத்துக் கொடுத்தார். வாசல் வெயிலில் எத்தனை மாதமாகக் காய்ந்ததோ! தப்பு அவர் மேல் மட்டும் இல்லை. ஒரே ஆள் கூலியில் முடியட்டும் என்று வீட்டில் மிச்சமிருந்த காப்பர் மருந்தையும் அதே டேங்கில் ஊற்றினேன். சூடோமோனாஸ் என்பது பாக்டீரியா. காப்பர் பூஞ்சையை மட்டுமல்ல, பாக்டீரியாவையும் கொல்லும். காசு கொடுத்து வாங்கி, கையோடு கொன்றிருக்கிறேன். பாக்கெட்டில் உயிர் மிச்சமிருந்திருந்தால்தான் அதுவும்.

இந்த 'இயற்கை' என்ற ஒரே வார்த்தையில் இரண்டு வேறு சரக்கை விற்கிறார்கள் என்பதுதான் என் கோபம். ஒன்று, சூடோமோனாஸ் மாதிரி உயிருள்ளது. நோய்க்கு முன்னாலேயே வேர்ப்பக்கம் குடியேறி இடம் பிடிக்க வேண்டியது. நோய் வந்தபின் தெளித்துவிட்டு மறுநாள் பலன் தேடினால் கிடைக்காது.

இன்னொன்று, ஒரு உயிர் செய்து வைத்த வேதிப்பொருள். குலைநோய்க்குக் கடைகளில் கிடைக்கிற காசுகாமைசின் அந்த வகை. ஜப்பானில் நாரா நகரத்துக் காசுகா கோயில் மண்ணில் இருந்த நுண்ணுயிரிலிருந்து உமேசாவா என்ற விஞ்ஞானியின் குழுவினர் 1965இல் எடுத்தது. கோயில் மண் என்றதும் விபூதி மாதிரி நினைக்க வேண்டாம், அது ஆன்டிபயாடிக். கோதுமைக்கு இப்போது வந்திருக்கும் ஃபென்பிகாக்ஸமிட் என்ற மருந்தும் மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பாக்டீரியா கொடுத்த பொருளிலிருந்து செய்ததுதான்.

ஸ்ட்ரோபிலுரின் என்ற பூஞ்சைக்கொல்லியின் கதை இன்னும் சுவாரசியம். விழுந்து புதைந்த பைன் காயில் முளைக்கிற சின்னக் காளானிலிருந்து 1977இல் ஜெர்மனியில் கண்டெடுத்தார்கள். வெளிச்சம் பட்டால் சிதைந்துவிடும் என்பதால் அதன் அமைப்பை மாற்றிச் செய்த அசாக்ஸிஸ்ட்ரோபின் 1996இல் சந்தைக்கு வந்தது. இரண்டே வருடம்! 1998இல் வட ஜெர்மனியில் கோதுமைச் சாம்பல் நோய் இந்த வகை மருந்துகளுக்கு மசிய மறுத்தது. காளான் தந்த மருந்தாச்சே என்று நோய் கருணை காட்டவில்லை.

பக்கத்து வயல் பெரியப்பா ஒரு மருந்தின் பேரும் சொல்ல மாட்டார். "யூரியாவைக் கொறச்சுப் போடு கண்ணு, பயிரு கருகருன்னு நின்னா எனக்குப் பயமா இருக்குது" என்பார். தழைச்சத்து மிஞ்சினால் குலைநோய்க்குக் கொண்டாட்டம். அவர் வயலில் சாவி குறைவுதான்.

இந்த வருஷம் கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலந்து இரவு ஊற வைத்தேன், நடவுக்குப் பின் ஏக்கருக்கு 1 கிலோவைத் தொழுவுரத்தில் கலந்து போட்டேன். அதற்காகப் பழைய கடையில் தயாரிப்புத் தேதி கேட்டபோது, "மண்ணுல போடறதுக்கெல்லாம் தேதியாங்க?" என்று கடைக்காரர் சிரித்தார். வண்டியைத் திருப்பி வாழப்பாடிக்குப் போய் வாங்கி வந்தேன்.