ஒரே துணியை நெய்தால் 75 வராது

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக் என்ற ஆன்லைன் கேமில் 'லினன் போல்ட்டையே (லினன் துணிச் சுருள்) திரும்பத் திரும்பச் செய்தால் டெய்லரிங் (தையல்) ஸ்கில் 75 வரை ஏறிவிடும்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஏறாது. ரெசிபியின் (ஒரு பொருளைச் செய்யும் செய்முறை) பெயர் எந்த நிறத்தில் தெரிகிறது என்று பாருங்கள். ஆரஞ்சு என்றால் ஒவ்வொரு முறையும் ஒரு ஸ்கில் பாயிண்ட் உறுதி. மஞ்சளில் பெரும்பாலும் கிடைக்கும், பச்சையில் அதிர்ஷ்டம், சாம்பலில் பூஜ்யம். லினன் போல்ட் ஸ்கில் 25-இல் மஞ்சளாகி, 50-இல் சாம்பலாகிவிடும். அதன் பிறகு நூறு போல்ட் செய்தாலும் ஸ்கில் அசையாது. நானும் இப்படித்தான் ஒரு பை நிறைய லினனைக் கரைத்துவிட்டு, கேம் பழுதாகிவிட்டதோ என்று யோசித்துக்கொண்டிருந்தேன்!

அதற்காக போல்ட்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. உடை தைக்க எப்படியும் அது தேவை, அதனால் தொடக்கத்தில் மொத்தமாகச் செய்து வைப்பது சரிதான். 50-ஐ நெருங்கும்போது, அந்த போல்ட்டை வைத்து ஆரஞ்சிலோ மஞ்சளிலோ இருக்கும் உடைகளைத் தையுங்கள். புது ரெசிபிகளை டிரெயினரிடம் (கேமில் தொழில் கற்றுத்தரும் பாத்திரம்) அவ்வப்போது கற்றுக்கொள்ள வேண்டும்.

அப்புறம், 75 வந்ததும் டிரெயினரிடம் அடுத்த நிலையான ஜர்னிமேனைக் கற்காவிட்டால் ஆரஞ்சு ரெசிபிகூட பாயிண்ட் தராது. 150, 225-இலும் இதே கதைதான்.