பசங்களை ஒரே பஸ்ல ஏத்துங்க, வாக்குவாதம் பண்ணவும் விடுங்க

ரெண்டு சமூகத்துப் பசங்களை ஒண்ணா உக்கார வச்சு சாப்பாடு போட்டு, பாட்டு பாட வச்சு, குரூப் போட்டோ எடுத்து அனுப்பிட்டா அது கலாச்சாரப் பரிமாற்றம் ஆயிடாது. எனக்கு அதுல சுத்தமா நம்பிக்கை இல்ல. ஆனா அமெரிக்காவுல பிலடெல்பியாவுல கறுப்பினப் பசங்களையும் யூதப் பசங்களையும் சேர்த்துப் பழக விட 1985ல ஆரம்பிச்ச ஆபரேஷன் அண்டர்ஸ்டாண்டிங்ங்கற ப்ரோக்ராம் பத்திப் படிச்சப்போ, ஆஹா இவங்க சரியான இடத்தைத் தொட்டுருக்காங்கன்னு தோணிச்சு.

ஆரம்பிச்சது ரெண்டு பேர். வில்லியம் கிரே, அமெரிக்க நாடாளுமன்றத்துல இருந்த கறுப்பின உறுப்பினர், பாப்டிஸ்ட் சர்ச் பாஸ்டரும் கூட. இன்னொருத்தர் ஜார்ஜ் ராஸ், அந்த ஊர் யூத சமூகத்துல முக்கியமான ஆள். பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கிற வயசுல இருக்கிற கறுப்பினப் பசங்களையும் யூதப் பசங்களையும் சேர்த்து செனகலுக்கும் இஸ்ரேலுக்கும் கூட்டிட்டுப் போனாங்க. அப்புறம் 1990கள்ல வாஷிங்டன்லயும் இதே மாதிரி ஒண்ணு வந்துச்சு, அதுல கோடை லீவுல வாரக்கணக்குல தெற்கு மாநிலங்கள் பக்கம் பயணம்.

தெற்குல பாக்க வேண்டியது நிறைய. அலபாமா மாநிலத்து செல்மாவுல கறுப்பினத்தவங்க ஓட்டுரிமைக்காக நடந்த 1965 மார்ச் 21 பேரணி போட்டோ பாத்திருப்பீங்க, மார்ட்டின் லூதர் கிங் இருக்கிற அதே வரிசையில வெள்ளைத் தாடியோட ஒரு பெரியவர், கழுத்துல மாலை. அவர்தான் யூத மதகுரு (ராபி) ஆபிரகாம் ஹெஷல். மாலை ஹவாயிலேர்ந்து வந்தது. அழகான போட்டோ, சந்தேகமே இல்ல. ஆனா பசங்களுக்கு அதை மட்டும் காட்டி அனுப்பினா பாதி உண்மைதான் போய்ச் சேரும்.

மீதி மிசிசிப்பில இருக்கு. அங்கயும் பிலடெல்பியான்னு ஒரு சின்ன ஊர். 1964 ஜூன்ல ஜேம்ஸ் சேனி, ஆண்ட்ரூ குட்மேன், மைக்கேல் ஸ்வெர்னர்னு கறுப்பினத்தவங்க உரிமைக்காக வேலை செஞ்ச மூணு பேரை கூ கிளக்ஸ் கிளான்ங்கற வெள்ளை இனவெறிக் கும்பல் ஆளுங்க கொன்னு மண் அணைக்கட்டுக்குள்ள புதைச்சாங்க. சேனி உள்ளூர் கறுப்பினப் பையன், 21 வயசு. மத்த ரெண்டு பேரும் நியூயார்க்லேர்ந்து வந்த யூதர்கள், குட்மேனுக்கு வெறும் 20. காணாமப் போனவங்கள்ல ரெண்டு பேர் வெள்ளைக்காரங்கன்னதும் நாடே பதறுது, எஃப்பிஐ வருது, கடற்படை ஆளுங்க வந்து சதுப்புல இறங்கித் தேடுறாங்க, தேடும்போது ஆத்துல வேற கறுப்பினப் பசங்களோட உடல் கிடைக்குது, அவங்களை அதுவரைக்கும் அப்படி யாரும் தேடவே இல்ல. சேனி மட்டும் காணாமப் போயிருந்தா யாரும் கண்டுக்க மாட்டாங்கன்னு ஸ்வெர்னரோட மனைவி ரீட்டாவே அப்ப வெளிப்படையா சொன்னாங்க. மகனை சேனி பக்கத்துலயே அடக்கம் பண்ணணும்னு ஸ்வெர்னர் குடும்பம் ஆசைப்பட்டுச்சு, அதுவும் நடக்கல, மிசிசிப்பில செத்த பிறகும் கறுப்பு தனி, வெள்ளை தனி.

இதை ஒரு கறுப்பினப் பொண்ணும் ஒரு யூதப் பையனும் பக்கத்துப் பக்கத்து சீட்ல உக்காந்து கேக்கணும். ஒரே ராத்திரி, ஒரே குழி, ஆனா உயிருக்கு வச்ச மதிப்பு ஒண்ணு இல்லையேன்னு அந்தப் பொண்ணு கேப்பா. எங்க ஆளுங்களும் உயிரைத்தானே குடுத்தாங்கன்னு அவன் சொல்லுவான். ரெண்டும் நியாயம். அந்த வாக்குவாதத்தை நடுவுல புகுந்து சமாதானம் பண்ணி கெடுத்துடாதீங்கங்கறதுதான் என் கட்சி.

ரோசன்வால்ட் பள்ளிக்கூடங்கள் கதையும் அப்படித்தான். சியர்ஸ்ங்கற பெரிய கடை கம்பெனியோட தலைவரா இருந்த யூதர் ஜூலியஸ் ரோசன்வால்ட் பணத்துல தெற்குல கறுப்பினப் பிள்ளைங்களுக்குன்னு கிட்டத்தட்ட 5000 ஸ்கூல் வந்துச்சு, பெரிய விஷயம். அதே ஸ்கூலுக்காக ஊர்ல இருந்த கறுப்பின விவசாயிங்க கைக்காசு போட்டாங்க, உடலுழைப்பும் குடுத்தாங்க. அதைச் சொல்லாம விட்டா ஒரு பக்கம் வள்ளல், இன்னொரு பக்கம் வாங்கிக்கிட்டவன்னு ஆயிடும், எந்தப் பையன் அதை ஏத்துப்பான்?

அப்புறம் கசப்பான விஷயம், 1991 கிரவுன் ஹைட்ஸ். நியூயார்க் புரூக்ளின்ல கறுப்பினத்தவங்களும் யூதர்களும் பக்கத்துப் பக்கத்துல வாழ்ற அந்தப் பகுதில, யூத மதத்தலைவரோட வாகன வரிசைல வந்த கார் மோதி 7 வயசு கறுப்பினப் பையன் செத்துப்போறான், சில மணி நேரத்துல ஒரு யூத மாணவரைக் கத்தியால குத்துறாங்க, அவரும் செத்துப்போறார், மூணு நாள் கலவரம். பெரியவங்க பலபேர் இதைப் பேசவே கூச்சப்படுறாங்க. பசங்க அப்படி இல்ல, 16, 17 வயசுல மூஞ்சிக்கு நேரா கேப்பாங்க, கோவப்படுவாங்க, மறுநாள் காலைல அதே பஸ்ல ஏறித்தான் ஆகணும்! ஒருநாள் விழாவுல அந்த மறுநாள் கிடையாது, அதான் எனக்கு அதுல நம்பிக்கை வரல.

அதனால இந்த மாதிரி ப்ரோக்ராம் நடத்துறவங்க செல்மா பேரணியோட நிறுத்தக்கூடாது. கிரவுன் ஹைட்ஸுக்கும் கூட்டிட்டுப் போகணும், அன்னைக்கு அந்தத் தெருவுல இருந்த ரெண்டு பக்கத்துப் பெரியவங்களையும் பசங்க முன்னாடி உக்கார வைக்கணும், கேள்வியை மட்டும் பசங்ககிட்ட விட்டுடணும்.